எந்தத் தெரு என்று கேட்காத குழு

கும்பகோணத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம், கீழத்தெரு. ஆண்களை விரும்பும் ஆண் நான், தலித். வீட்டில் ஒன்றையும் வெளியில் இன்னொன்றையும் மறைத்து வாழ்கிற எங்களைப் போன்றவர்களுக்காக டெல்டாவில் ஒரு ஆன்லைன் குழு நடத்துகிறேன். இது ஐந்தாவது வருடம். மன்னார்குடியிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் இரண்டு பேர், "நாங்களும் ஒன்று ஆரம்பிக்கணும், எப்படி அண்ணே?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாட்ஸ்அப்பில் ஆரம்பிக்காதீர்கள். சேர்ந்த உடனே உங்கள் நம்பர் குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அதை கூகுள் பேயில் போட்டால் வங்கியில் இருக்கும் பெயரே வந்துவிடும். நம்மூரில் பெயர் கிடைத்தால் வீடு கிடைத்த மாதிரி. நாங்கள் முதலில் டெலிகிராமில் இருந்தோம், நம்பரை யாருக்கும் காட்டாதபடி மாற்றி வைத்துக்கொண்டு. 2024-இல் சிக்னல் செயலியில், நம்பரைக் கொடுக்காமல் யூசர்நேமை வைத்தே பேசும் வசதி வந்ததும் அங்கே போய்விட்டோம். மெசேஜ் ஒரு வாரத்தில் தானாக அழியும்படி வைத்திருக்கிறோம்.

அப்புறம் நோட்டிபிகேஷன். ஒருமுறை டிஸ்பிளே மாற்ற வந்த போன் என் மேஜையில் கிடந்தது. புது டிஸ்பிளேயைப் பொருத்தி ஆன் செய்ததும் மேலே ஒரு வரி வந்து விழுந்தது. ஒரு பையன் இன்னொரு பையனுக்கு எழுதிய வரி. பேட்டர்ன் லாக்கையும் துண்டுச்சீட்டில் வரைந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். போனைக் கவிழ்த்து வைத்தேன். வேறு கடையாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை. அதனால் பெயரும் தெரியக்கூடாது, மெசேஜும் தெரியக்கூடாது என்று நோட்டிபிகேஷனை வையுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் செயலியை நீக்கிவிட்டுக் கொடுங்கள். குழுவுக்கு 'மேட்டூர் நீர்மட்டம்' என்பது போல ஒரு பெயர் வைத்தால் டெல்டாவில் எந்த அப்பாவும் திரும்பிப் பார்க்க மாட்டார். எங்கள் குழுவின் பெயர் அது இல்லை.

புதிதாக ஒருவரைச் சேர்க்கும் முன் குழுவிலிருந்து யாராவது அவரோடு வாய்ஸ் காலில் பேசட்டும். போட்டோ கேட்க வேண்டாம். பதினெட்டு வயது ஆகாதவர்களைச் சேர்க்காதீர்கள். அவர்களுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். இதற்கு முன்னால் பெருநகர வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருந்தேன். துணை தேடுகிறவர்கள் அங்கேயும் சாதி போட்டுத்தான் தேடினார்கள். கேட்டதற்கு, "இங்கே எல்லோரும் ஒன்றுதான், சாதியை இழுக்காதீங்க" என்று என்னை அடக்கினார்கள். கொச்சிக்கு வேலையாகப் போனபோது மட்டாஞ்சேரியில் பரதேசி யூத ஆலயத்தைப் பார்த்தேன். 1568-இல் கட்டியது. அடிமைகளாக இருந்தவர்களின் வம்சம் என்று சொல்லி ஒரு பிரிவு யூதர்களுக்கு அங்கே சம இடம் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவில் பிறந்த ஆபிரகாம் பராக் சேலம் என்ற வக்கீல் சத்தியாக்கிரகம் செய்து எதிர்த்தார். கூட்டமே சிறியது, அதற்குள்ளும் ஒரு வாசற்படி. எனக்கு அந்த வாட்ஸ்அப் குழுதான் ஞாபகம் வந்தது.

அதனால் எங்கள் குழுவில் "எந்த ஊர்?" என்று கேட்கலாம், "எந்தத் தெரு?" என்று கேட்கக்கூடாது. அந்தக் கேள்விக்கு இங்கே என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவர் தானாகத் தெருவைப் பற்றிப் பேச வந்தால் யாரும் தடுக்கக்கூடாது. தலித்துகள் மட்டும் பேச ஒரு தனி அறை வைத்திருக்கிறோம், முஸ்லிம் நண்பர்களுக்கு இன்னொன்று. ரமலானில் சஹர் நேரத்தில் அந்த அறைதான் விழித்திருக்கும்.

சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2018-இல் உச்ச நீதிமன்றம் நம் உறவு குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை கொடுப்பதை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடுத்தார். அடுத்த வருடமே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்றது. போலீஸ் தொல்லை கொடுக்கக்கூடாது என்று 2022-இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்ந்தது. இந்த நான்கு வரியையும் குழுவின் தலையில் பின் செய்து வையுங்கள்.

நேரில் சந்திப்பதென்றால் பகலில், கூட்டம் இருக்கும் இடத்தில். தஞ்சாவூர் பெரிய கோயில் புல்தரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். நாமும் ஒரு குடும்பம் மாதிரி உட்காரலாம்.

கடைசியாக ராத்திரி. பதினோரு மணிக்கு மேல்தான் வீட்டில் எல்லோரும் தூங்குவார்கள், அப்போதுதான் மெசேஜ் வரும். "இனி முடியாது" என்று யாராவது எழுதினால் புத்தி சொல்லாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் வரும் வரை இருங்கள். 14416-க்கு, அதுதான் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், அழைக்கச் சொல்லுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. ஒரே ஆள் தினமும் விழித்திருக்க முடியாது, முறை போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பட்டியலில் செவ்வாயும் வெள்ளியும் என்னுடையவை.