இரண்டு பழைய சொகுசு செடான்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

மெர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ126 எஸ் கிளாஸ், ஜாகுவார் எக்ஸ்ஜே6 மூன்றாம் வரிசை (சீரிஸ் 3) ஆகிய இரண்டும் 1979-இல் வெளிவந்தவை. இவற்றில் எதை வாங்குவது என்று தயங்குபவர்கள் குதிரைத்திறனையும் உச்ச வேகத்தையும் எழுதிவைத்து முடிவெடுக்க முயல்வதுண்டு. இத்தனை ஆண்டுகள் பல கைகள் மாறி ஓடிய வண்டிகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எதிரில் நிற்கும் இரு வண்டிகளையும் ஒரே நாளில், ஒரே சாலையில், ஒரே வரிசையில் சோதிப்பதே சரியான வழி.

என்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போதுதான் சோதனையைத் தொடங்க வேண்டும். போனட்டின் மீது கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் முன்பே ஓட்டிவிட்டார் என்று பொருள், எனவே வேறொரு நாள் வருவது நல்லது. பென்ஸின் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்கள் கொண்ட) என்ஜின் கிளம்பும்போது சில நொடிகள் மட்டும் நீலப் புகை வந்தால், பெரும்பாலும் எண்ணெய் சிலிண்டருக்குள் கசியாமல் தடுக்கும் வால்வு சீல்கள் தேய்ந்திருக்கும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குச் சென்ற 3.8 லிட்டர் வி8-இல் ஒற்றை வரிசை டைமிங் செயின் (வால்வுகளை உரிய நேரத்தில் இயக்க உதவும் சங்கிலி) இருந்தது. அதை இரட்டைச் செயினாக மாற்றியதற்கான ரசீதைக் கேட்காமல் வாங்கவே கூடாது. ஜாகுவாரின் 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜினின் வேர் 1948-க்குச் செல்கிறது. அதில் சிறிது எண்ணெய்க் கசிவு இருந்தால் நான் பயப்படுவதில்லை, ஆனால் என்ஜின் நன்கு சூடான பிறகு ஆயில் பிரஷரைக் காட்டும் முள் மிகவும் கீழே இறங்கினால் உடனே விலகிவிடுவேன்.

ஜாகுவாரின் பின்பக்கத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அங்கே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெட்ரோல் டேங்குகள் உள்ளன. டேஷ்போர்டில் உள்ள ஒரு சுவிட்சை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். பல உரிமையாளர்கள் ஒரே டேங்கை மட்டும் பயன்படுத்துவதால் மற்றது உள்ளே துருப்பிடித்துவிடுகிறது. ஆகையால் இரண்டிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, டிக்கியைத் திறந்து பெட்ரோல் வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தை ஒட்டி இல்லாமல் டிஃபரன்ஷியலின் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியின்) இருபுறமும் இருப்பதால், அதன் சீல் கசிந்தால் எண்ணெய் நேராக டிஸ்க்கின் மீதே படியும். அதைச் சரிசெய்ய ஆகும் கூலி பெரிது என்பதால், லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்து பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

பென்ஸில் துரு ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. பக்கவாட்டின் அடியில் உள்ள பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால், ஜாக் வைக்கும் இடங்களில், பின் கண்ணாடியின் கீழ் மூலைகளில் தேடுங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஓரிடத்தில் ஒட்டாவிட்டால் அங்கே பட்டி பூசியிருக்க வாய்ப்பு உண்டு. சென்ட்ரல் லாக் மின்சாரத்தால் நேரடியாக அல்லாமல், மெல்லிய குழாய்கள் வழியாக வரும் வெற்றிட (வேக்குவம்) விசையால் இயங்குகிறது. ஓட்டுநர் கதவைப் பூட்டும்போது ஏதேனும் ஒரு கதவு தாமதமாகப் பூட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது. இது சிறிய செலவுதான்.

பின்னால் அமர்ந்து செல்பவர் என்றால் வீல்பேஸையும் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) பாருங்கள்: சாதாரண நீளமுள்ள பென்ஸ் எஸ்இ 2,935 மி.மீ., நீண்ட எஸ்இஎல் 3,075 மி.மீ., ஜாகுவார் 2,865 மி.மீ. கால் நீட்ட எஸ்இஎல்லுக்கு நிகரில்லை. ஆனால் மேடுபள்ளங்களை ஜாகுவார் கடக்கும் மென்மை, ஒருமுறை உணர்ந்தவருக்கு மறக்காது. அன்றாடம் ஓட்டுபவருக்கு நான் பென்ஸையே பரிந்துரைப்பேன். வார இறுதியில் மட்டும் வெளியே எடுப்பவர், முழு சர்வீஸ் பதிவேடு உள்ள ஜாகுவார் கிடைத்தால் அதை விட்டுவிட வேண்டாம்.