ஏ.வி.எம். அறுவையின் விளைவைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளை ரத்தக்குழாய்க் கேஸ்களைப் பேசும் கலந்தாய்வுக் கூட்டங்களில், புதிதாகச் சேரும் இளம் மருத்துவர்கள் வாயிலிருந்து சில வாக்கியங்கள் மாறாமல் வருகின்றன. எங்கள் தலைமுறை சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியங்கள். இடது வலதை மாற்றி எழுதுவது, வீங்கிய சிரையையும் சேர்த்து அளப்பது போன்றவற்றை மூத்தவர்கள் அன்றைக்கே திருத்திவிடுவார்கள். நோயாளியின் வீட்டாருக்குச் சொல்லும் சதவீதத்தையே தவறாக்கிவிடுகிற தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஏ.வி.எம். என்பது மூளையில் தமனியும் சிரையும் நடுவில் தந்துகிகள் இல்லாமல் நேராக இணைந்துவிட்ட குழாய்ச் சிக்கல். அதன் மையம் நைடஸ். அதை அறுத்து எடுத்தால் என்ன ஆகும் என்று கணிக்க, 1986-ல் ராபர்ட் ஸ்பெட்ஸ்லரும் நீல் மார்ட்டினும் கொடுத்த அளவுகோலைத்தான் இன்றும் முதலில் எடுக்கிறோம். நைடஸ் 3 செ.மீ.க்குக் கீழே இருந்தால் 1, 3 முதல் 6 வரை 2, அதற்கு மேல் 3. அதிலிருந்து ரத்தம் மூளையின் ஆழ்சிரைக்கு வடிந்தால் இன்னொரு 1. பேச்சு, பார்வை, கை கால் அசைவு போன்றவற்றுக்கான முக்கியப் பகுதியில் இருந்தால் மேலும் 1. கூட்டினால் கிரேடு.

'கிரேடு 3' என்று சொல்லிவிட்டு நிறுத்துவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

3 என்ற கூட்டுத்தொகை நான்கு வழியில் வரும். சிறிய நைடஸ், ஆழ்சிரை, முக்கியப் பகுதி மூன்றும் சேர்ந்தால் 3. நடுத்தர நைடஸோடு ஆழ்சிரை சேர்ந்தாலும் 3. நடுத்தர நைடஸ் முக்கியப் பகுதியில் இருந்தாலும் 3. பெரிய நைடஸ், வேறு எதுவும் இல்லை என்றாலும் 3. இது மிக அபூர்வம். நான்கும் நான்கு விதமான நோய். கிரேடு 1, 2 என்றால் பெரும்பாலும் அறுவை, 4, 5 என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்று பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். யோசிக்க வேண்டியதே 3-ல்தான். அங்கேதான் யோசிப்பதை நிறுத்துகிறார்கள்.

மைக்கேல் லாட்டன் 2003-ல் தன்னுடைய 76 கிரேடு 3 கேஸ்களைப் பிரித்துப் பார்த்தார். சிறியது, ஆழ்சிரை, முக்கியப் பகுதி என்ற முதல் வகையில் புதிய பாதிப்போ மரணமோ நேர்ந்தது 2.9 சதவீதம். நடுத்தரமும் ஆழ்சிரையும் சேர்ந்த வகையில் 7.1. நடுத்தர நைடஸ் முக்கியப் பகுதியில் இருந்த வகையில் 14.8. நான்காவது வகை அவர் தொகுப்பில் ஒன்றுகூட இல்லை. முதல் வகை கிரேடு 1, 2-ஐ ஒட்டி நடக்கிறது, மூன்றாவது வகை கிரேடு 4-ஐ நெருங்குகிறது. 'ஆழம்' என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து முதல் வகையை ஒதுக்கிவிட்டு, மேற்பரப்பில்தானே இருக்கிறது என்று மூன்றாவது வகையில் துணிபவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு தையல்காரர். முப்பது வயதுக்குச் சற்று மேல், வலது கைப்பழக்கம். ஒருமுறை வலிப்பு வந்ததில் கண்டுபிடித்தார்கள், ரத்தம் கசியவில்லை. இடது மூளையில், கை அசைவுக்கான பகுதியிலேயே 4 செ.மீ. நைடஸ், ஓரம் தெளிவாக இல்லாமல் பரவலாக. வடிவது மேற்சிரைக்கு. வேறொரு இடத்தில் 'கிரேடு 3, ரிஸ்க் நடுத்தரம்' என்று சொல்லி அறுவை செய்தார்கள். வேலை சுத்தமாகத்தான் நடந்திருந்தது. அப்புறம் எடுத்த ஆஞ்சியோகிராமில் நைடஸின் சுவடே இல்லை. ஆனால் அவர் எங்களிடம் வந்தபோது வலது கை விரல்களுக்கு ஊசி பிடிபடவில்லை. "நடுத்தரம்னுதானே டாக்டர் சொன்னாங்க" என்று அவர் மனைவி கேட்டார். யாரும் பொய் சொல்லவில்லை. 1986-ன் மூல ஆய்வில் இருந்த 100 நோயாளிகளில் கிரேடு 3-க்கு வந்த பாதிப்பு 16 சதவீதம், அதில் 12 சிறிய பாதிப்பு. 'சிறிய பாதிப்பு' என்ற அந்தப் பெட்டிக்குள்தான் இவருடைய விரல்களும் போயின. பிழைப்பே விரலில் இருப்பவரிடம் அதைப் பிரித்துச் சொல்லாமல் கையெழுத்து வாங்கக் கூடாது.

அதனால் கேஸ் ஷீட்டில் வெறும் 3 என்று எழுதாதீர்கள். எஸ்2 (அளவு) வி0 (சிரை) ஈ1 (முக்கியப் பகுதி) என்று பிரித்து எழுதுங்கள். சதவீதத்தைச் சொல்லும்போது அதன் அடியில் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். லாட்டனின் 7.1 என்பது 14 பேரில் ஒருவர். 14.8 என்பது 27 பேரில் நால்வர். ஒருவர் கூடினாலோ குறைந்தாலோ எண் எங்கோ போய்விடும். வகைகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கத்தை நம்பலாம், தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை நம்ப வேண்டாம்.

ரத்தம் கசிந்தவருக்கே அறுவையில் ஆபத்து அதிகம் என்று நினைப்பது

இரண்டு வேறு ஆபத்துகளைக் குழப்பிக்கொள்வதால் வருவது இது. ஒருமுறை கசிந்தது மறுபடி கசியும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 4.5 சதவீதம், கசியாததற்குச் சுமார் 2. அது நோயின் போக்கு. அறுவையின் விளைவு வேறு. கசிந்த ரத்தம் நைடஸைச் சுற்றி ஒரு பிரிவெளியைக் கொடுத்திருக்கும், உள்ளே போகப் பாதையும் திறந்திருக்கும். நோயாளிக்கு ஏற்கெனவே பாதிப்பு இருப்பதால் அறுவை புதிதாக எடுத்துக்கொள்வதும் குறைவு. வெடிக்காத ஏ.வி.எம்.மோடு நன்றாக நடந்து வருபவருக்கு இழக்க எல்லாமே இருக்கிறது.

லாட்டனும் வில்லியம் யங்கும் 2010-ல் தந்த துணை அளவுகோல் இதைக் கணக்கில் எடுக்கிறது. வயது 20-க்குக் கீழே 1, 20 முதல் 40 வரை 2, அதற்கு மேல் 3. கசியாதிருந்தால் 1. பரவலான நைடஸ் என்றால் 1. இதை முன்பு போட்ட 1986 கிரேடோடு கூட்டினால் 6 வரை ஏற்கத்தக்க ரிஸ்க். 2015-ல் பல மையங்களின் 1,009 அறுவை நோயாளிகளிடம் சோதித்தபோதும் இந்த எல்லை நின்றது. நம் தையல்காரருக்குப் போட்டுப் பாருங்கள்: 3, வயதுக்கு 2, கசியாததற்கு 1, பரவலுக்கு 1. மொத்தம் 7. பேனாவும் காகிதமும் போதும், ஒரு நிமிட வேலை.

அறுவைக்கு வந்தவர்களின் கணக்கை எல்லாருக்கும் போடுவது

பெரிய மையத்தின் கிரேடு 4 முடிவுகள் நன்றாக இருந்தால், அது கிரேடு 4-ன் இயல்பு அல்ல. அவர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்கள் அந்த அட்டவணையில் இல்லை.

தலைகீழாகவும் இதே தவறு நடக்கும். 2014-ல் வெளியான அருபா ஆய்வில், கசியாத ஏ.வி.எம். உள்ள 223 பேரைச் சராசரியாக 33 மாதம் பின்தொடர்ந்தார்கள். மருந்தோடு விட்டவர்களில் 10.1 சதவீதத்தினருக்கும், தலையீடு என்று ஒதுக்கப்பட்டவர்களில் 30.7 சதவீதத்தினருக்கும் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. இதை 'அறுவையின் ரிஸ்க் 30 சதவீதம்' என்று மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தப் பிரிவில் பெரும்பாலானவர்களுக்கு நடந்தது எம்போலைசேஷனும் (குழாய்க்குள் பசை செலுத்தி அடைப்பது) ரேடியோசர்ஜரியும் (கதிர் பாய்ச்சி மெல்ல அடைபட வைப்பது). கத்தி வைத்தது மிகச் சிலருக்கே.

எம்.ஆர்.ஐ. மட்டும் பார்த்து சிரைக்குப் புள்ளி போடுவது

கூடாது. டி.எஸ்.ஏ. ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்க்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்) வரும்வரை அந்த இடம் காலியாக இருக்கட்டும்.

கேவர்னோமாவுக்கு இந்த கிரேடு

கிடையாது. கேவர்னோமா என்பது மெல்லிய குழாய்கள் விரிந்து திரண்ட வேறு வகைக் கோளாறு.

ரேடியோசர்ஜரிக்கும் இதே கிரேடு

இந்த அளவுகோல் கத்திக்காக உருவானது. கதிர் சிகிச்சைக்கு நைடஸின் கன அளவு, வயது, இடம் என்று தனிக் கணக்கு உண்டு. நைடஸ் அடைபட 2, 3 ஆண்டுகள் ஆகும். அதுவரை கசியும் ஆபத்து போகாது.

கம்ப்யூட்டர் மாடலின் துல்லியத்தைப் பார்த்து மயங்குவது

100 பேரில் 10 பேருக்குத்தான் பாதிப்பு வரும் என்றால், 'எல்லாரும் நலம்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடலுக்கும் 90 சதவீதத் துல்லியம் கிடைக்கும். அந்த 10 பேரில் எத்தனை பேரைப் பிடித்தது என்று கேளுங்கள். அறுவையின் நேரம், ரத்த இழப்பு போன்றவற்றை உள்ளே கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அறுவைக்கு முன் கணிக்க வேண்டிய மாடலுக்கு அறுவை மேஜையில் நடந்ததைச் சொல்லிக் கொடுத்தால், வெளிநோயாளிப் பிரிவில் அது எதற்கும் உதவாது.

டிஸ்சார்ஜ் நாளில் விளைவை எழுதுவது

முதல் வாரம் பேச்சு வராதவர் சில வாரங்களில் பேசுவதும் உண்டு. மாறாக, பார்வைப் புலத்தில் பாதி போனவர் அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்கியது என்று பார்க்கும் ரேங்கின் அளவில் 1 வாங்கி 'நல்ல விளைவு' பட்டியலில் சேர்ந்துவிடுவார். அவரால் இனி வண்டி ஓட்ட முடியாது. ஆறு மாதமாவது கழித்து, அறுவைக்கு முந்தைய ரேங்கினோடு ஒப்பிட்டு எழுதுங்கள். பார்வைப் புலம், பேச்சு, விரல் வேலை மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள்.