சமரசர் தொழிலில் காலூன்றுவது எப்படி: 40 மணி நேரப் பயிற்சியிலிருந்து திரும்பி வராத ஒப்பந்தம் வரை

சமரசருக்கு அடுத்த வழக்கைக் கொண்டுவருவது அவர் போன வழக்கில் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம்தான். ஆறு மாதம் கழித்து அதே சண்டை நீதிமன்றப் படியேறினால், அனுப்பி வைத்த வழக்கறிஞர் மறுபடி அந்தப் பக்கம் திரும்பமாட்டார். அதனால் ஒப்பந்தம் எழுதும் 5-ஆம் படியை மட்டும் விரிவாக எழுதியிருக்கிறேன். சமரசத்துக்கும் (இரு தரப்பும் தாங்களே பேசி முடிப்பது) நடுவர் தீர்ப்புக்கும் (நடுவர் முடிவு சொல்வது) உள்ள வேறுபாடு தெரிந்தவர்களுக்கான பதிவு இது.

படி 1: பயிற்சி

குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி, அதற்குப் பிறகு 10 உண்மையான வழக்குகள். உச்ச நீதிமன்றத்தின் சமரசக் குழு வகுத்த அளவுகோல் இதுதான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரல் 9 அன்று தொடங்கிய சமரச மையமும் மாவட்ட நீதிமன்றங்களில் உள்ள மையங்களும் பெரும்பாலும் வழக்கறிஞர்களைத்தான் பட்டியலில் சேர்க்கின்றன. மற்றவர்கள் தனியார் அமைப்புகள் வழியாக வரலாம். 2023 சமரசச் சட்டம் சமரசருக்குச் சட்டப் பட்டம் வேண்டும் என்று சொல்லவில்லை. கட்டுமானத் தகராறில் ஒரு சிவில் இன்ஜினியருக்கும், பங்குதாரர் சண்டையில் ஓர் ஆடிட்டருக்கும் வழக்கறிஞரைவிடச் சீக்கிரம் விஷயம் பிடிபடும்.

பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: 40 மணியில் எத்தனை மணி நேரம் நாமே சமரசராக உட்கார்ந்து நடித்துப் பார்ப்போம், பயிற்றுநர் பக்கத்தில் இருந்து திருத்துவாரா? முழுக்க விரிவுரை என்றால் வேண்டாம். எழுந்து கத்துகிற ஆளைப் பார்த்து எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதை விரிவுரையில் கற்க முடியாது.

படி 2: முதல் பத்து வழக்குகள்

மூத்த சமரசரோடு இணைச் சமரசராக உட்காருங்கள். நீதிமன்ற மையங்களில் கிடைப்பது சிறு மதிப்பூதியம்தான். அதை நம்பி வேலையை விடாதீர்கள். முதல் இரண்டு வருடம் வேறு வருமானம் இருந்தால்தான் 'இந்த வழக்கு எனக்கு ஒத்துவராது' என்று சொல்லும் தைரியம் வரும்.

படி 3: ஒரு துறையைப் பிடியுங்கள்

'எல்லாத் தகராறும் பேசித் தீர்க்கப்படும்' என்ற பலகையைப் பார்த்து யாரும் வரமாட்டார்கள். திருப்பூரில் இருந்தால் நூல், சாயம், ஏற்றுமதி பாக்கி. சென்னையில் அடுக்குமாடிச் சங்கத்துக்கும் பில்டருக்கும் உள்ள தகராறு. எதுவானாலும் அந்தத் தொழிலின் பேச்சு காதில் விழுந்து பழகியிருக்க வேண்டும்.

வணிகத் தகராறில் ஒரு நல்ல வாசல் இருக்கிறது. வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவுப்படி, ரூ.3 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வழக்கில் அவசர இடைக்கால நிவாரணம் கேட்காவிட்டால், முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். இது கட்டாயம் என்று பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்தது. இந்தச் சமரசத்துக்கான 2018 விதிகளின்படி சமரசர் கட்டணம்: ரூ.10 லட்சம் வரை 15,000, 50 லட்சம் வரை 30,000, 1 கோடி வரை 40,000, 3 கோடி வரை 50,000, அதற்கு மேல் 75,000. இரு தரப்பும் சரிபாதி. எதிர்த்தரப்பு வராமலே போவது சகஜம். அப்போது சமரசம் தொடங்குவதே இல்லை, கட்டணமும் இல்லை. இதைக் கணக்கில் வைத்தே திட்டமிடுங்கள்.

படி 4: கட்டப்பஞ்சாயத்து என்ற பேச்சுக்கு இடம் தராதீர்கள்

நம் ஊரில் தனியாகச் சமரசம் செய்கிறவர் மீது முதலில் விழும் சந்தேகம் இது. அதைத் துடைக்கச் சில கறாரான வழக்கங்கள் வேண்டும்.

பேச உட்காரும் முன்பே இரு தரப்பிடமும் 'சமரசத்துக்கு உடன்படும் கடிதம்' வாங்குங்கள். தானாக விரும்பி வந்திருக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், பேசியது வெளியே போகாது, கட்டணம் இவ்வளவு என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். எந்தத் தரப்போடாவது உறவு, நட்பு, பழைய வேலைத் தொடர்பு இருந்தால் எழுத்தில் சொல்லிவிடுங்கள். கட்சிக்காரர் பணத்தையோ மூலப் பத்திரத்தையோ ஒரு ராத்திரிகூட உங்கள் பீரோவில் வைக்காதீர்கள். 'நீங்களே வச்சிருங்க சார், உங்க மேல நம்பிக்கை இருக்கு' என்பார்கள். வேண்டாம்.

கட்டணம் முன்பணம், சரிபாதி. முடிந்தால் இவ்வளவு, முடியாவிட்டால் இவ்வளவு என்று பேசவே கூடாது. தீர்வு வந்தால்தான் உங்களுக்குக் காசு என்றால், அந்த மேஜையில் நீங்களும் ஒரு தரப்பாகிவிடுகிறீர்கள்.

அறைக்கு என் தேர்வு: வட்ட மேஜை, ஒரு தரப்பிடம் மட்டும் பேசும் தனி அமர்வுக்குக் கதவு சாத்தக்கூடிய இன்னோர் அறை, பெரிய எழுத்து கால்குலேட்டர், அங்கேயே ஒரு பிரிண்டர். பேசும் நேரத்தில் லேப்டாப் வேண்டாம். திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருப்பவரிடம் யாரும் மனதைத் திறக்கமாட்டார்கள். தனி அமர்வில் 'இதை அவரிடம் சொல்லலாம்' என்று அனுமதித்ததை நீல மையிலும், சொல்லக்கூடாததைச் சிவப்பிலும் காகிதத்தில் எழுதுங்கள். மூன்றாவது மணி நேரக் களைப்பில் வாய் தவறாமல் காப்பது அந்தச் சிவப்பு மைதான்.

படி 5: பேச்சை ஒப்பந்தமாக்குவது

ஒரு மாதிரி வழக்கை எடுத்துக்கொள்வோம். நூற்பாலைக்குப் பனியன் கம்பெனி ரூ.18 லட்சம் பாக்கி. ஆலை சொல்வது, 'பில்லில் கையெழுத்துப் போட்டுத்தானே சரக்கு எடுத்தீர்கள்?' கம்பெனி சொல்வது, 'சாயம் போட்டதும் துணியில் பட்டை விழுந்தது, ஆர்டர் போச்சு.' ஆலையிடம் ஒரு செக் இருக்கிறது. அது பவுன்ஸ் ஆகி, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு வழக்கும் நடக்கிறது. மூன்று மணி நேரப் பேச்சில் ரூ.14 லட்சத்துக்கு இறங்கி வருகிறார்கள். எல்லோரும் கை குலுக்குகிறார்கள். புதிய சமரசர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 'எதிர்த்தரப்பு ரூ.14 லட்சத்தை விரைவில் தவணைகளில் செலுத்தச் சம்மதித்தார்' என்று எழுதிவிடுகிறார்கள். விரைவில் என்றால் எப்போது?

இப்படி எழுதுங்கள்: 'ரூ.14,00,000-ஐ 4 சம தவணைகளாக, தவணைக்கு ரூ.3,50,000 வீதம், அடுத்த மாதம் தொடங்கி ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி மாலை 5 மணிக்குள், கீழ்க்கண்ட வங்கிக் கணக்குக்கு ஆர்.டி.ஜி.எஸ். மூலம் செலுத்துவார். அன்று வங்கி விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள்.'

தவணை தவறினால் என்ன என்பதையும் அன்றே எழுத வேண்டும். 7 நாள் அவகாசம், பிறகு மீதி முழுவதும் உடனே பாக்கி, ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்பதுபோல. விகிதத்தைச் சொல்ல வேண்டியது அவர்கள், நீங்கள் அல்ல.

138 வழக்கை எப்போது முடித்துக்கொள்வது? முதல் தவணை வந்ததுமே ஆலை விட்டுக்கொடுத்தால், கம்பெனிக்கு நாலாவது தவணை மறந்துபோகலாம். கடைசித் தவணை வந்த 15 நாளுக்குள் சமரசமாக முடிக்க மனு, மூலச் செக்கை அன்றே திருப்பித் தருவது என்று வரிசையைக் கட்டுங்கள்.

யாருமே யோசிக்காத முடிச்சு ஜி.எஸ்.டி. நான்கு லட்சம் குறைந்ததே, அதற்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்க விற்றவர் தரும் சீட்டு) வரியோடா, வரி இல்லாமலா? வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட்டை, சரக்கு போன நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் கணக்கில் காட்ட வேண்டும். தேதி தாண்டியிருந்தால் அந்த வரியை ஆலைதான் சுமக்க வேண்டிவரும். இதைப் பேசாமல் கையெழுத்தான ஒப்பந்தம், இரு பக்க ஆடிட்டர்களும் போனில் பேசும் நாளில் உடையும். கையெழுத்துக்கு முன் இரண்டு ஆடிட்டர்களையும் ஒரு தடவை போனில் பிடியுங்கள்.

கையெழுத்துப் போடுகிறவருக்கு அதிகாரம் உண்டா என்பதை முதல் அமர்வுக்கு முன்பே பாருங்கள். கம்பெனி என்றால் இயக்குநர் குழுத் தீர்மானமோ அதிகாரக் கடிதமோ வேண்டும். மேனேஜர் வந்து எல்லாம் பேசிவிட்டு, 'முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்றால் அன்றைய நாள் வீண்.

வாசகத்தைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டி, அன்றே அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். 'நாளைக்கு டைப் பண்ணி அனுப்புறேன்' என்றால் ராத்திரி மச்சான் ஒருவர் வந்து கலைத்துவிடுவார்.

12ஏ வழியில் வந்த ஒப்பந்தத்துக்கு நடுவர் தீர்ப்புக்குச் சமமான பலம் உண்டு. தனியார் சமரசத்தில் எச்சரிக்கை தேவை. 2023 சட்டத்தின் சில பிரிவுகள் மட்டுமே 2023 அக்டோபர் 9 அன்று அமலுக்கு வந்தன. 'நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகர்' என்று எழுதும் முன் 27-ஆம் பிரிவு அமலில் இருக்கிறதா என்று அரசிதழைப் பாருங்கள். அசையாச் சொத்தில் உரிமை மாறுகிறது என்றால் சார்பதிவாளர் அலுவலக வேலையையும் தேதி போட்டு எழுதுங்கள்.

படி 6: வழக்கு வரும் வழி

வழக்கு வருவது வழக்கறிஞர்கள் வழியாக. அவர்களை வெளியே உட்கார வைக்காதீர்கள். கூட்டு அமர்வில் பக்கத்தில் இடம் கொடுங்கள், ஒப்பந்த வரைவை அவர்கள் கண்ணில் காட்டுங்கள். அனுப்பியதற்குக் கமிஷன் மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். நீங்களே வழக்கறிஞர் என்றால் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதி தடை. தொழில்முனைவோர் சங்கக் கூட்டத்தில் 12ஏ பற்றி அரை மணி நேரம் விளக்கிப் பேசலாம்.

அங்கே செலவுக் கணக்கைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ரூ.18 லட்சம் வழக்குக்கு 3 சதவீதம் கோர்ட் கட்டணம், அதாவது ரூ.54,000. 12ஏ-வில் ஒரு தரப்புக்கு ரூ.15,000, விண்ணப்பத்துக்கு ரூ.1,000. வழக்குப் போட்டவர்களும் சமரசமானால் கட்டணத்தைத் திரும்பப் பெற தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில் 69ஏ பிரிவு இருக்கிறது. நீதிமன்றம் அனுப்பாமல் தாங்களாகவே வெளியே பேசி முடித்தாலும் அது உண்டு என்று எம்.சி. சுப்ரமணியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது.

பின்சேர்க்கை: ஆன்லைன் அமர்வு

ஜூமில் தனி அறைகள் பிரிக்கலாம், வசதிதான். ஆனால் கூட்டத்தில் தானாக நுழைந்து குறிப்பெடுக்கும் ஏ.ஐ. செயலிகள் இப்போது பலர் கணினியில் இருக்கின்றன. பங்கேற்பாளர் பட்டியலில் மனிதப் பெயர் அல்லாத எதையும் வெளியேற்றிவிட்டே தொடங்குங்கள். 'அறையில் வேறு யாரும் இருக்கிறார்களா?' என்று கேட்டு, கேமராவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். நீதிமன்றம் அனுப்பிய வழக்கு முறிந்தால் அறிக்கையில் 'சமரசம் ஏற்படவில்லை' என்ற ஒரு வரி போதும், யார் எவ்வளவு இறங்கினார் என்பது அதில் வரக்கூடாது. மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. சிவப்பு மையில் எழுதிய தாள்களை அன்றே கிழித்துப் போடுங்கள்.