தார்ப்பாயும் உல்லன் நூலும்

வைக்கோல் கட்டு ஏற்றினாலே எங்கள் குட்டி யானை (சின்ன லோடு வண்டி) டீசலைக் குடிக்கும். காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 30 கி.மீ. வேகத்தில் இருப்பது 60-இல் நான்கு மடங்கு. சரி, தார்ப்பாயை இழுத்துக் கட்டிப் பார்ப்போம் என்று புதாற்றங்கரைச் சாலையில் 50-இல் நியூட்ரலுக்கு மாற்றி, வேகம் 30-க்கு இறங்க எத்தனை விநாடி என்று தம்பியைப் பார்க்கச் சொன்னேன். அதிக விநாடி உருண்டால் இழுவை குறைவு என்று கணக்கு. தொளதொளவென்று இருந்ததைவிட இழுத்துக் கட்டியதே சீக்கிரம் இறங்கியது! அம்மியே பறக்கிற ஆடி மாதம், எதிர்க்காற்று. எனக்குத்தான் உறைக்கவில்லை.

அப்புறம் விடிகாலை 5 மணிக்கு, காற்று எழும்பும் முன், அதே லோடு, டயரில் அதே காற்று. போக ஓர் ஓட்டம், வர ஓர் ஓட்டம் என்று மூன்று தடவை ஓட்டிச் சராசரி எடுத்தோம். இப்போது எண்கள் ஒத்துப்போயின. இழுத்துக் கட்டியதுதான் கூடுதல் நேரம் உருண்டது.

எங்கே காற்று சிக்குகிறது என்று பார்க்க, அம்மாவின் உல்லன் நூலை விரல் நீளத்துக்கு நறுக்கித் தார்ப்பாயில் ஒட்டினேன். தம்பி பைக்கின் பின்சீட்டில் வந்து செல்போனில் படமெடுத்தான். பக்கவாட்டு நூல்கள் படிந்து கிடந்தன. கேபினுக்கு மேல் துருத்திய முதல் கட்டின் விளிம்பைத் தாண்டியவை பேய் பிடித்த மாதிரி ஆடின. அந்தக் கட்டைப் பின்னுக்குத் தள்ளிச் சரிவாக அடுக்கியதும் பாதி அடங்கின. கடைசி வரிசை இன்னும் ஆடுகிறது. வண்டியின் பின்பக்கம் மொட்டையாக இருந்தால் அப்படித்தான்.