கோடு தெரியாத, உறுத்தாத பேன்ட்டி: அளவெடுப்பதிலிருந்து தொடங்குவோம்

லெக்கிங்ஸ் போட்டால் பின்பக்கம் கோடு தெரிகிறது. உட்கார்ந்து எழுந்தால் துணி நடுவில் போய்ச் சுருண்டுகொள்கிறது. சாயங்காலம் கழற்றும்போது தொடை இடுக்கில் சிவந்த தடம். பல வருடம் இப்படியே ஓட்டிவிட்டு, கடைசியில் ஒவ்வொரு ரகத்திலும் ஒன்று வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு முழுநாள் போட்டுப் பார்த்தேன். நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: எந்த இடுப்பு?

நான் சறுக்கியது இங்கேதான். வெய்ஸ்ட், ஹிப் இரண்டையுமே நாம் இடுப்பு என்றுதான் சொல்கிறோம். நானும் தொப்புளை ஒட்டி டேப்பைச் சுற்றி, வந்த எண்ணுக்கே சைஸ் வாங்கிக்கொண்டிருந்தேன். பேன்ட்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது ஹிப். கால்களைச் சேர்த்து, கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று, புட்டம் எங்கே அதிகம் எடுப்பாக இருக்கிறதோ அங்கே டேப்பைச் சுற்றுங்கள். பின்பக்கம் டேப் கீழே சரியும். நேராக நிற்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இழுத்துப் பிடிக்காதீர்கள், ஒரு விரல் நுழைய வேண்டும்.

எனக்கு வெய்ஸ்ட் 76 செ.மீ., ஹிப் 102 செ.மீ. நான் வாங்கும் பிராண்டின் அட்டவணையில் முதல் எண்ணுக்கு எம், இரண்டாவதற்கு எல். இத்தனை நாளும் எம் போட்டிருக்கிறேன்! இப்படி இரண்டு சைஸில் விழுந்தால் பெரியதையே எடுங்கள். இறுக்கமான எலாஸ்டிக் அழுத்தும்போது இருபக்கமும் சதை பிதுங்கும். வெளியே கோடாகத் தெரிவது பெரும்பாலும் அந்தப் பிதுக்கம்தான். அதைப் புரிந்துகொள்ளாமல் மாடலை மாற்றி மாற்றி வாங்கிப் பயனே இல்லை.

படி 2: உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

நடுவில் இரட்டையாகத் தைத்த பட்டை இருக்கும், அதற்குப் பெயர் கஸெட். மேல்துணி நைலானாக இருந்தாலும் அந்தப் பட்டை காட்டனாக இருக்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. காட்டன் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வியர்வை அங்கேயே தேங்கினால் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வர வாய்ப்பு அதிகம். மற்றபடி 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் எலாஸ்டேன் (இழுபடும் இழை) கலந்த துணி எனக்குப் பிடித்தது. முழுக் காட்டன் சீக்கிரம் தொளதொளத்துவிடுகிறது.

படி 3: ரகம்

ப்ரீஃப் பின்பக்கத்தை முழுதாக மூடும், சுருளாது. மாதவிடாய் நாட்களுக்கு எனக்கு இதுதான். ஹிப்ஸ்டர் கொஞ்சம் கீழே நிற்கும், பக்கவாட்டுப் பட்டை அகலம். ஜீன்ஸுக்குள் போட நன்றாக இருக்கிறது. பிகினியில் அந்தப் பட்டை குறுகல், பார்க்க அழகு, ஆனால் எனக்கு ஒரு மணி நேரத்தில் பின்னால் ஏறிவிடுகிறது.

நடக்கும்போது தொடை உரசுகிறவர்கள் ஷார்ட்ஸ் போலக் கால் வைத்த பாய்ஷார்ட் எடுங்கள், ஆனால் கால் நீளமாக இருப்பதாகப் பார்த்து. குட்டைக் கால் என்றால் மேலே சுருண்டு, உரசும் இடத்தை விட்டுவிடும். தாங் (thong) என்ற ரகத்தில் பின்னால் ஒரு மெல்லிய பட்டை மட்டுமே இருப்பதால் கோடு விழாது. சிலருக்கு அது பழகிவிடும், எனக்குப் பழகவில்லை.

இறுக்கமான பேன்ட்டுக்கு என் தேர்வு சீம்லெஸ். ஓரத்தை மடித்துத் தைக்காமல் வெட்டி விட்டிருப்பார்கள், அதனால் தடிப்பே இருக்காது. ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், எங்கே துணி முடிகிறது என்று விரலுக்கே சட்டென்று தெரியக்கூடாது.

படி 4: ஒன்று மட்டும் வாங்கிச் சோதியுங்கள்

மூன்று சேர்ந்த பேக் இப்போது வேண்டாம். ஒன்றைப் போட்டுக்கொண்டு குந்தி உட்காருங்கள், பத்துப் படி ஏறி இறங்குங்கள். கை தானாகப் பின்னால் போய்ச் சரிசெய்தால் அது உங்களுக்கான ரகம் இல்லை. தொடை இடுக்கின் மடிப்பில் எலாஸ்டிக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மடிப்பைத் தாண்டித் தொடைமேல் ஏறி நின்றால்தான் அந்தச் சிவந்த தடம் விழுகிறது.

துவைக்கும்போது வெந்நீரும் பிளீச்சும் வேண்டாம், எலாஸ்டிக் போய்விடும்.

பின்சேர்க்கை: வெள்ளை பேன்ட்டுக்குள் வெள்ளை போட்டும் தெரிகிறதே என்று இருவர் கேட்டார்கள். வெள்ளைக்குள் வெள்ளை பளிச்சென்று தெரியத்தான் செய்யும், உங்கள் தோல் நிறத்துக்கு நெருங்கிய நிறத்தைப் போடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: சிசேரியன் ஆன ஒருவருக்கு ஹிப்ஸ்டரின் பட்டை சரியாகத் தையல்மேல் உரசியிருக்கிறது. இதை நான் யோசிக்கவே இல்லை, முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தையல் இருப்பவர்கள் தொப்புள் வரை ஏறும் ஹை வெய்ஸ்ட் ப்ரீஃப் எடுங்கள், பட்டை தழும்புக்கு நன்றாக மேலே நிற்கும். இதில் மட்டும் தோற்றத்தைப் பார்க்க வேண்டாம்.