உயரமான மலைக்கு மூட்டை கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பை நிறையத் துணி வைத்திருந்தும் குளிரில் நடுங்குபவர்களை மலைப்பாதைகளில் பார்க்கலாம். அவர்கள் கொண்டுவந்தது குறைவாக இருக்காது. ஆனால் எல்லாமே நடக்கும் நேரத்தை மட்டும் மனதில் வைத்து எடுத்ததாக இருக்கும். ஏற்றத்தில் போகும்போது உடம்பே போதுமான சூட்டைத் தந்துவிடுகிறது. நல்ல குளிரிலும் மெல்லிய சட்டையோடு வியர்த்துக்கொண்டே ஏறலாம். நின்று ஐந்து நிமிடம் ஆனதும் நிலைமை மாறிவிடும். முதுகில் வியர்வை சில்லிடும், காற்று துணிக்குள் புகும், விரல்கள் மரத்துப்போகும். கூட வந்தவருக்குக் கணுக்கால் பிசகி, உதவி வரும்வரை எல்லோரும் அங்கேயே உட்கார வேண்டி வந்தால்?

அதனால் ஒவ்வொரு பொருளையும் பைக்குள் வைக்கும்போது கேட்க வேண்டியது இதுதான்: நனைந்துபோய், களைத்துப்போய், இரண்டு மணி நேரம் நகர முடியாமல் இருக்க நேர்ந்தால் இது உதவுமா? மூட்டை கட்டுவதில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருபவை.

அடிவாரத்து வானிலையை நம்புவது

போனில் தெரியும் வானிலை பெரும்பாலும் அடிவாரத்து ஊருக்கானது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 2,000 மீட்டரில் இருக்கும் அடிவாரத்தில் 20 டிகிரி என்றால், 4,000 மீட்டரில் இருக்கும் கணவாயில் சுமார் 7 டிகிரிதான். இதுவும் காற்றைக் கணக்கில் சேர்க்காமல். 0 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், தோலுக்கு அது மைனஸ் 7 டிகிரி போல உறைக்கும். பாதையின் உச்சிப் புள்ளிக்கான முன்னறிவிப்பைத் தேடிப் பாருங்கள். அதில் மழையைப் போலவே காற்றின் வேகத்தையும் பாருங்கள். காலையில் பளிச்சென்று இருக்கும் வானம் மதியத்துக்கு மேல் மூடிக்கொள்வது மலையில் சர்வ சாதாரணம். உயர்ந்த கணவாய்களில் கோடையிலும் பனி விழும்.

பருத்தித் துணி

எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நான் நினைப்பது இதைத்தான். பருத்தி அன்றாடத்துக்கு அருமையான துணி. வெயிலில் அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்வதால்தான் நமக்கு இதமாக இருக்கிறது. குளிரில் அதே குணம் எதிரியாகிவிடுகிறது. துணி சூடு தருவது அதன் இழைகளுக்கு இடையே தேங்கி நிற்கும் காற்றால்தான். பருத்தி நனைந்ததும் அந்த இடமெல்லாம் தண்ணீரால் நிரம்பிவிடும். தண்ணீரோ, காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். நனைந்த ஜீன்ஸ் கனக்கும், தொடையில் உராயும், ராத்திரி முழுக்கக் கூடாரத்துக்குள் தொங்கவிட்டாலும் காயாது.

ஜீன்ஸ் வேண்டாம் என்பது இப்போது பலருக்குத் தெரிந்திருக்கிறது. விலை உயர்ந்த ஜாக்கெட்டும் ட்ரெக்கிங் பேண்ட்டும் வாங்கிவிட்டு, உள்ளே பருத்தி பனியன், பருத்தி உள்ளாடை, பருத்தி சாக்ஸ் என்று போட்டுக்கொண்டு வருபவர்கள்தான் இன்னமும் அதிகம். வியர்வை முதலில் சேர்வது அங்கேதானே? தோலை ஒட்டி இருக்கும் துணி பாலியஸ்டராகவோ மெரினோ கம்பளியாகவோ இருக்கட்டும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் இரண்டாம் நாளே நாறத் தொடங்கும். கம்பளி மெதுவாகக் காயும், ஆனால் ஈரமாக இருக்கும்போதும் ஓரளவு சூடு தரும், நாற்றமும் குறைவு. பல நாள் நடைக்கு மெரினோதான் என் தேர்வு.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு பருத்தி டி-ஷர்ட், ஒரு பாலியஸ்டர் டி-ஷர்ட், இரண்டையும் நனைத்துப் பிழிந்து ஒரே கொடியில் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது ஆபத்தான உடல்வெப்பக் குறைவு. அதற்கு உறைபனி தேவையில்லை. 10 டிகிரியில் மழையும் காற்றும் சேர்ந்தாலே போதும். முதலில் கை தடுமாறும், ஜிப்பை இழுக்க முடியாது. அப்புறம் நடை தள்ளாடும், பேச்சு குழறும். அந்த நிலையில், பையின் அடியில் இருக்கும் ஜாக்கெட்டைத் தோண்டி எடுக்க அந்தக் கைகளால் முடியாது.

ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்

'நல்ல கனமான ஜாக்கெட் ஒன்று இருக்கிறது, போதும்' என்று புறப்படுவது அடுத்தது. போட்டுக்கொண்டு ஏறினால் வெந்துபோவீர்கள், கழற்றினால் நடுங்குவீர்கள். இடைப்பட்ட நிலையே கிடையாது. மெல்லிய துணிகளை அடுக்கடுக்காகப் போடுவதன் பயனே தேவைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம் என்பதுதான். தோலை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் துணி, அதன்மேல் ஃப்ளீஸ் போன்ற மெல்லிய சூட்டுத்துணி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். இவை நடப்பதற்கு. இவை தவிர, நிற்கும்போது மட்டும் போட்டுக்கொள்ள இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்த ஜாக்கெட் ஒன்று கட்டாயம் வேண்டும். நின்றதும், குளிர் தெரிவதற்கு முன்பே அதைப் போட்டுவிட வேண்டும்.

காலையில் கிளம்பும்போது லேசாகக் குளிர்கிற அளவுக்கு மட்டும் போட்டுக்கொள்வது நல்லது. பத்து நிமிடம் நடந்ததும் சூடாகிவிடும். கதகதப்பாகக் கிளம்பினால் முதல் ஏற்றத்திலேயே உள்துணி நனைந்துவிடும்.

இறகு ஜாக்கெட் எடை குறைவு, சூடு அதிகம். ஆனால் நனைந்தால் இறகு ஒட்டிச் சப்பையாகிவிடும், சூடும் போய்விடும். மழைக்காலப் பாதையென்றால் செயற்கைப் பஞ்சு அடைத்ததே பாதுகாப்பு. எதை வாங்கினாலும், மற்ற எல்லாத் துணிகளையும் போட்டுக்கொண்டு அதற்கு மேல் மாட்டிப் பாருங்கள். தோளில் இறுக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் பஞ்சு நசுங்கிவிடும், போட்டும் பயனில்லை.

மழை ஜாக்கெட்டில் இன்னொரு சிக்கல். தூறலைத் தாங்கும் விண்ட்சீட்டரை மழை ஜாக்கெட் என்று நினைத்து எடுத்து வருவார்கள். உள்பக்கம் திருப்பித் தையல்களைப் பாருங்கள். தையல் மேல் நாடா ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசித்துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். பழைய ஜாக்கெட் என்றால் மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டும். துணி நிறம் மாறி நீரைக் குடித்தால், அதற்கென்றே கிடைக்கும் திரவத்தால் துவைத்து நீர்விலக்குப் பூச்சு மறுபடி ஏற்ற வேண்டும். மழை பேண்ட்டை விட்டுவிடாதீர்கள். ஜாக்கெட்டிலிருந்து வழியும் தண்ணீரெல்லாம் தொடையில் இறங்கி, அப்படியே ஷூவுக்குள் போய்ச் சேரும்.

காலுக்குப் போடுவது

புது ஷூவோடு மலைக்குப் போகக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். பல வாரங்கள் போட்டு நடந்து, சுமையோடு ஏறி இறங்கிப் பழக்கிய ஷூதான் வேண்டும். ஆனால் ஷூ அலமாரியில் பல ஆண்டுகள் பத்திரமாகக் கிடந்த பழைய பூட்ஸும் அதே அளவு ஆபத்து. பல பூட்ஸ்களின் நடு அடிப்பகுதி பாலியூரித்தேனால் ஆனது. காற்றிலுள்ள ஈரமே ஆண்டுக்கணக்கில் அதை மெல்லச் சிதைக்கும். வெளியே புதிது போலவே தெரியும். பாதையில் இரண்டாம் நாள் அடிப்பகுதி அப்படியே பிய்ந்து வந்துவிடும். புறப்படுவதற்குச் சில வாரம் முன்னால் ஷூவை வளைத்து, பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரிசலோ, பொடி உதிர்வதோ தெரிந்தால் அதை எடுத்துப்போக வேண்டாம்.

ஷூ வாங்குவது சாயங்காலத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, மலையில் போடப்போகும் அதே சாக்ஸோடு. இறக்கத்தில் பாதம் முன்னுக்குச் சரியும். விரல்கள் முன்பக்கம் முட்டினால் நகம் கறுத்துவிடும். குளிருக்குப் பயந்து இரண்டு கனத்த சாக்ஸைத் திணிப்பதும் தவறு. கால் இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், பாதம் இன்னும் சில்லிடும். தூங்கும்போது மட்டும் போட ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸைத் தனிப் பையில் வைத்துவிட்டு, என்ன ஆனாலும் அதைப் பகலில் தொடாதீர்கள்.

கண், கை, தலை

குளிராக இருப்பதால் வெயில் உறைக்காது, அதனால் மறந்துவிடுகிறோம். 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக்கதிர் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். பாதுகாப்பில்லாமல் பனியில் நடந்தால் அப்போது ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, ராத்திரியில், கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது போல எரியும், கண்ணைத் திறக்கவே முடியாது. கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது. புற ஊதாக்கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி கண்மணியை விரியச் செய்து, கூடுதல் கதிரை உள்ளே விடும். கண்ணாடிகளுக்கு 0 முதல் 4 வரை தர எண் உண்டு. மலைக்குக் குறைந்தது 3, பரந்த பனிப்பரப்புக்கு 4. பக்கவாட்டிலும் மூடியிருப்பது நல்லது. சன்ஸ்கிரீனை மூக்கின் அடியிலும் தாடையின் கீழும் தடவுங்கள். பனியில் கீழிருந்துதான் வெளிச்சம் அடிக்கும்.

கையுறை ஒரே ஜோடி போதாது. மெல்லியது ஒன்று, அதன்மேல் காற்றும் ஈரமும் புகாதது ஒன்று, உபரியாக ஒன்று. ஒன்று காற்றில் பறந்துபோனால் ஒரு கை வெறுங்கையாகிவிடும் அல்லவா. காதை மூடும் குல்லா எப்போதும் ஜாக்கெட் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

ஸ்லீப்பிங் பேக்கின் எண்ணைத் தவறாகப் படிப்பது

லேபிளில் வழக்கமாக மூன்று வெப்பநிலைகள் இருக்கும். நிம்மதியாகத் தூங்கக்கூடியது, சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடியது, உயிர் போகாமல் சில மணி நேரம் தாங்கக்கூடியது. இந்த மூன்றாவது எண்தான் சில சமயம் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது முதல் எண். கீழே விரிக்கும் மேட்டும் முக்கியம். உங்கள் எடையில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பாகம் நசுங்கிவிடுவதால், தரையின் குளிரைத் தடுப்பது மேட் மட்டும்தான்.

'பகல் நடைதானே' என்று விட்டுவிடும் சின்னப் பொருட்கள்

தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்லைட்டை விட்டுவிட்டு வருவது இதில் முதலிடம். போன் டார்ச் இருக்கிறதே என்பார்கள். லித்தியம் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கும், போனும் பவர் பேங்க்கும் உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும். கைத்தடி பிடித்திருக்கும்போது போனைப் பிடிக்கக் கையும் இருக்காது.

உறைகுளிரில் குழாய் வைத்த தண்ணீர்ப் பையில் முதலில் உறைவது குழாய்தான். அகன்ற வாய் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால், பனிக்கட்டி மேலே உருவாகி மூடி அடைபடாமல் இருக்கும். நுண்குழாய் வகை நீர் வடிகட்டி ஒருமுறை பயன்படுத்தியபின் உறைந்துவிட்டால் உள்ளே விரிசல் விடும், வெளியிலிருந்து தெரியாது. ராத்திரி அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு கொண்டுபோனால் பியூட்டேன் வாயு மட்டும் அடைத்த சிலிண்டர் வேண்டாம். பியூட்டேனின் கொதிநிலையே மைனஸ் 0.5 டிகிரிதான், உறைகுளிரில் அது சரியாக ஆவியாகாது.

விசில், உள்ளே புகுந்து உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளும் அவசரப் பை, கொப்புளத்துக்கு ஒட்டும் டேப் எல்லாம் சேர்த்தாலும் எடை கொஞ்சம்தான். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது மலைகளில் வழக்கமான ஆபத்துச் சைகை. விசில் கொண்டுபோகும் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பை

மேல்உறை போட்டுவிட்டால் பை நனையாது என்பது தவறு. முதுகுப்பக்கம் திறந்துதானே இருக்கிறது? உள்ளே ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் பை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்குங்கள். கனமானவை முதுகை ஒட்டி நடுவில், ஸ்லீப்பிங் பேக் அடியில், மழை ஜாக்கெட்டும் நிற்கும்போது போடும் ஜாக்கெட்டும் எல்லாவற்றுக்கும் மேலே. இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிவிட்டால் தோளில் பாதி பாரம் குறைந்தது போல இருக்கும்.

சுமை தூக்குபவரிடமோ குதிரையிலோ பெரிய பையைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலும் கேமராவும் மட்டும் எடுத்துக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். மழை பிடிக்கும்போது அந்தப் பை ஒரு மலைமுகடு தாண்டிப் போயிருக்கும். மழை ஜாக்கெட், சூட்டு ஜாக்கெட், குல்லா, கையுறை, ஹெட்லைட், இவை எப்போதும் உங்கள் முதுகிலேயே இருக்க வேண்டும். குழுவாகப் போகும்போது முதலுதவிப் பெட்டி யாரிடம், வரைபடம் யாரிடம் என்று பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் 'அவர் வைத்திருப்பார்' என்று ஆளுக்கு ஆள் நினைத்து, கடைசியில் ஒருவரிடமும் இருக்காது.

புறப்படுவதற்கு முந்தின ராத்திரி கட்டிய பையைத் தரையில் வைத்து, கையுறை மாட்டி, அறை விளக்கை அணைத்துவிட்டு ஹெட்லைட்டையும் ஜாக்கெட்டையும் எடுத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் பையை அவிழ்த்து மறுபடி அடுக்குங்கள்.