ஏற்காட்டில் எடுத்த ரத்தம் சேலம் வந்து சேரும் வரை: ஹார்மோன் மாதிரிகளைக் கெடாமல் காப்பது எப்படி?

ஏற்காட்டில் எடுத்த ரத்தம் சேலத்து ஆய்வகத்தை அடைய இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மலைக்குளிரிலிருந்து அடிவாரத்து வெயிலுக்குள் இறங்க வேண்டும். வழியில் குழாய் குலுங்கிச் சிவப்பணுக்கள் உடைந்தால், அவற்றுக்குள் இருக்கும் நொதி வெளியேறி இன்சுலினைச் சிதைத்துவிடும். ஆகவே மலையிலேயே அணுக்களைப் பிரித்துவிட்டு, சீரத்தையோ (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) பிளாஸ்மாவையோ (உறையவிடாத ரத்தத்தில் அணுக்களை நீக்கிய நீர்) மட்டும் கீழே அனுப்புங்கள். புதிதாக இப்பணிக்கு வருவோருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

முதல் படி, நேரம். அட்ரீனல் சுரப்பியின் கார்டிசால், அதைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான ஏ.சி.டி.எச். இரண்டும் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும் என்பதால், பொதுவாக எட்டு மணியளவில் ரத்தம் எடுத்து, அந்த நேரத்தைக் குழாயின் மீதே எழுதுங்கள்.

அடுத்தது குழாய். சிவப்பு மூடிக் குழாயை முதலில் நிரப்பி, அதன் பிறகே, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. உள்ள ஊதா மூடிக் குழாயைத் தொடுங்கள். ஊதாவிலிருந்து ஒரு துளி சிவப்பில் கலந்தாலும் பொட்டாசியம் பொய்யாக உயரும், கால்சியம் பொய்யாகக் குறையும். பாராதைராய்டு ஹார்மோன் இ.டி.டி.ஏ. பிளாஸ்மாவில் கூடுதல் நேரம் தாங்கும். ஆனால் உடன் கேட்கப்படும் கால்சியத்துக்குச் சீரம் வேண்டும் என்பதால் இரண்டு குழாய்களும் தேவை. ஊதாக் குழாயைக் குலுக்காமல் எட்டு முதல் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். சிவப்புக் குழாயை அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து, ரத்தம் முழுதாக உறைந்த பிறகே மையவிலக்கியில் (அணுக்களைப் பிரிக்கச் சுழற்றும் கருவி) சுழற்றுங்கள். அவசரப்பட்டால் சீரத்தில் ஃபைப்ரின் என்ற உறைபுரதம் நூல்போல் மிதந்து கருவியின் ஊசியை அடைக்கும்.

மிகுந்த கவனம் வேண்டுவது ஏ.சி.டி.எச். முன்கூட்டியே குளிர்வித்த ஊதாக் குழாயில் எடுத்து, உடனே பனிநீரில் நிறுத்தி, குளிரூட்டிய மையவிலக்கியில் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றி உறைய வைக்க வேண்டும். கண்ணாடியில் இந்த ஹார்மோன் ஒட்டிக்கொள்ளும். மலையில் அத்தகைய மையவிலக்கி இல்லையென்றால், நோயாளியையே சேலத்துக்கு வரச்சொல்லி இங்கே ரத்தம் எடுப்பதுதான் நேர்மை.

சிறுநீரகம் சுரக்கும் ரெனினுக்கு இது நேர்மாறு. குளிரில் அதன் முன்வடிவமான புரோரெனின் ரெனினாக மாறி அளவு பொய்யாக உயரும் என்பதால், பிளாஸ்மாவைப் பிரிக்கும் வரை அறை வெப்பத்திலேயே வையுங்கள். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். பிரித்த சீரம் குளிர்சாதனப் பெட்டியில் சில நாள்கள் தாங்கும்.

பிரிக்காத ரத்தத்தை ஐஸ் பொதியோடு ஒட்டி வைக்காதீர்கள். உறைந்தால் அணுக்கள் வெடிக்கும். இடையில் துணி மடித்து வையுங்கள்.

சேலத்தில் பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நல்ல சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்கும். ஒருமுறை, பிரிக்காமல் இறங்கிய இன்சுலின் மாதிரி சிவப்பணுக்கள் உடைந்து ரோஜா நிறத்தில் வந்ததால், வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்த காப்பித் தோட்டத்து அம்மா ஒருவரை மறுநாளும் பட்டினியாக வரச்சொல்ல நேர்ந்தது. அப்படி வரும் இன்சுலின் மாதிரியைக் கருவியில் ஏற்றாமல், காரணத்தைப் பதிவேட்டில் எழுதி, அன்றே மலைக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள்.